மூன்றாவது ஸ்விட்ச்

தடைக்காலம் தொடங்கிப் பதினோராம் நாள்.
நண்டு வரத்து இல்லை, கம்பெனியில் ஷிப்ட் இல்லை.
ஓடு கீறிய விரல்கள் ஆறத் தொடங்கியிருந்தன.
அவற்றைச் சுட்டுக்கொள்ள
நானே ஒரு வழி கண்டுபிடித்தேன்.

என்னிடம் இருப்பது இரண்டு பெடல்.
ஒன்று கிதாரின் குரலை உடைக்கும்,
ஒன்று எதிரொலிக்கும்.
இரண்டையும் ஒரே நேரத்தில் மிதிக்க
எனக்கு இரண்டு கால்தான்,
அதில் ஒன்று நிற்பதற்கு வேண்டும்.
ஞாயிறு பூசையில் ஆமென் முடிந்த பிறகும்
என் எதிரொலி மட்டும்
பீடம்வரை போய்ப் போய்த் திரும்ப,
ஃபாதர் பார்த்த பார்வையில் பிறந்தது இந்தப் பெட்டி:
மிதித்தால் பெடல் வழியே,
மறுபடி மிதித்தால்
பெடலே இல்லாததுபோல் நேராக.

தங்கச்சிமடத்தில் இதற்குச் சாமான் கேட்டால்
வலைக்கடையைக் காட்டுவார்கள்.
ஸ்விட்ச் மதுரையிலிருந்து வந்தது.
இரண்டு போதும்;
மூன்று வாங்கினால் கூரியர் இலவசம்.
பெட்டி, வீட்டு வயரிங்குக்கு வைக்கிற
பிளாஸ்டிக் ஜங்ஷன் பாக்ஸ், எண்பது ரூபாய்.
ஈயக்கம்பியை ஜகுபர் தன் செல்போன் கடையில்
பூப்போல முழம் போட்டுக் கொடுத்தான்.

ஒரு ஸ்விட்சுக்கு ஒன்பது கால்,
மும்மூன்றாய் மூன்று வரிசை.
எப்படித் திருப்பினாலும் அதே சதுரம்,
அதுதான் அதன் சூது.
தொண்ணூறு டிகிரி தவறாகத் திருப்பி வைத்து
பதினெட்டுக் கால்களையும் பற்றவைத்து முடித்தேன்.
கிதாரை மாட்டினால்
பெரிய வியாழன் கழிந்த கோயில்மணிபோல
வாயே திறக்கவில்லை பெட்டி.

கழற்றினேன். மறுபடி.
பற்றவைத்த ஈயம்
நாள்பட்ட மீன் கண்போல மங்கியிருந்தால்
அது ஒட்டவில்லை.
இன்றைய மீனின் கண்போலப் பளிச்சிட வேண்டும்.
இது எனக்குத் தெரிந்த பாடம், வேறு மேசையில்.
ரெசிஸ்டர் போடாமல் விட்ட எல்இடி
ஒரே ஒரு நொடி வாழ்ந்தது.
நீலம்.
"இது கரண்டு வேலையா கோயில் வேலையா?"
என்றாள் அம்மா, இருட்டில், ஃபியூஸ் போன பிறகு.

நான்காம் நாள் இரவு சத்தம் வந்தது.
சத்தத்தோடு ஒரு பெண்ணும் வந்தாள்.

உடைக்கும் பெடலை மிதித்து
கம்பியை இன்னும் தொடவில்லை,
ஆம்பிளிஃபயரின் அடித்தொண்டையிலிருந்து
சிங்களத்தில் நிதானமாக
எதையோ வாசித்துக்கொண்டிருந்தாள்.
செய்தியா, சந்தை விலையா, காற்றின் வேகமா.
எண்கள் என்று மட்டும் பிடிபட்டது;
எண்களுக்கு ஒரு நடை உண்டு, எந்தப் பாஷையிலும்.
டிரம்ஸ் அடிக்கும் டெல்சிக்குப் போனில் கேட்கவிட்டேன்.
"உம் பெட்டிக்குப் பாஸ்போர்ட் கெடைச்சிருச்சுடி."

பிளாஸ்டிக்குக்கு யாரையும் தடுக்கத் தெரியாது.
பரோட்டாக் கடைப் பார்சலின் வெள்ளித்தாளை
எண்ணெய் போகத் துடைத்து
பெட்டியின் உட்சுவர் முழுக்க ஒட்டினேன்.
தாளிலிருந்து ஒரு கறுப்பு வயர், எர்த்துக்கு.
வயர் தொட்டதும்
ஓர் எண்ணின் பாதியில் நின்றுபோனாள்.

சுத்தம்.
ஜி மேஜர் வாசித்தால் ஜி மேஜர் மட்டும் கேட்டது.
இதற்காகத்தானே இத்தனை சூடும்.
அரைமணி நேரம் ஜி மேஜர் வாசித்தேன்.

இலவசக் கூரியருக்காக வாங்கிய ஸ்விட்ச்
மேசையில் மல்லாந்து கிடந்தது,
ஒரு கால் ஒடிந்த நண்டாக.

கறுப்பு வயரை நடுவில் வெட்டி
அதன் வழியே விட்டேன்.
ஒன்பதில் இரண்டு கால்தான் தேவைப்பட்டது.
மிதித்தால் எர்த் அறும்.
இதற்கு எல்இடி வைக்கவில்லை.

பூசையன்று கால் தவறிப் படாமலிருக்க
அதன்மேல் ஒரு ஷாம்பு மூடியைக் கவிழ்த்து
டேப் சுற்றிவிடுகிறேன்.
மற்ற இரவுகளில் மூடியைக் கழற்றி
அவள் எண்களுக்கு நடுவே
ஒற்றைக் கம்பியைத் தட்டிப் பார்க்கிறேன்.
எங்கே மூச்சு விடுவாள் என்று
இன்னும் பிடிபடவில்லை.

தடை முடிய
முப்பத்துச் சொச்சம் நாள் இருக்கிறது.